"ப்ராங்க்தாம்மா!" என்று சிரிக்கும் மகன்: வீடியோவை நிறுத்துவதா, விடுவதா?

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் விரிவாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. பள்ளி விட்டு வந்தால் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். மகன் ஒரு வருடமாக மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ் விளையாட்டுகளில் நண்பர்களை ஏமாற்றும் ப்ராங்க் வீடியோக்களாகவே பார்க்கிறான். கார்ட்டூன் மாதிரி இருக்கிறது, கெட்ட வார்த்தை கிடையாது, யூடியூபும் பார்த்துத்தானே விட்டிருப்பார்கள் என்று நானும் கண்டுகொள்ளவில்லை. போன மாதம் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்கா மகன் மைன்கிராஃப்டில் பல மாதமாகக் கட்டிவைத்திருந்த கோட்டையை என் மகன் டிஎன்டி என்ற வெடியை வைத்துத் தகர்த்துவிட்டான். இவனுக்கு அண்ணன் முறையான அந்தப் பையன் தேம்பித் தேம்பி அழுதான். இவன் "ப்ராங்க்தாம்மா!" என்று சிரித்தான். அழுகை நிற்கவில்லை என்றதும் முகம் மாறியது, அன்று இரவு சாப்பிடவும் இல்லை. அதற்கு முன்பே ஒரு முறை, விளக்கை அணைத்துவிட்டு ஒரு வீடியோவில் வரும் பேய்ச் சத்தத்தைப் போட்டுத் தங்கையை அலறவைத்தான். அவள் அழுததை என் கணவர் சிரிப்புக்காகப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார், எல்லோரும் ரசித்தார்கள். இப்போது அவள் இரவில் தனியாகப் பாத்ரூம் போக மறுக்கிறாள். "எல்லாப் பசங்களும் இதைத்தான் பார்க்கிறாங்க, விடு" என்கிறார் கணவர். போனையே பிடுங்கி வைக்கச் சொல்கிறார் மாமியார். என் மகன் இரக்கமில்லாதவனாக மாறிக்கொண்டிருக்கிறானோ என்று பயமாக இருக்கிறது. எந்த வீடியோ பரவாயில்லை, எது கூடாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தச் சேனல்கள் மேல் புகார் கொடுக்க முடியுமா?

அன்புச் சகோதரி,

உங்களை அதிகம் வருத்தும் கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்கள் மகன் இரக்கமில்லாதவன் இல்லை. வருத்தப்படத் தெரியாத பிள்ளையாக இருந்தால் அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பான். அவன் பார்க்கும் வீடியோக்களில் ஏமாந்தவர் கொஞ்ச நேரம் கத்துவார், அப்புறம் அவரும் சேர்ந்து சிரித்துவிடுவார். அண்ணனும் அப்படிச் சிரிப்பான் என்றுதான் அவன் காத்திருந்தான். அண்ணன் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவன் பார்த்த எந்த வீடியோவும் அவனுக்குக் காட்டியதில்லை. அதைக் காட்ட வேண்டியவர்கள் நீங்களும் உங்கள் கணவரும்தான். அதற்கு இன்னும் நேரம் கடந்துவிடவில்லை.

வீடியோவுக்குப் பின்னால் நடப்பது

இந்த வகை வீடியோக்களில் நிறைய, முன்கூட்டியே பேசிவைத்து எடுக்கப்படுபவை. ஏமாறுகிறவர் பெரும்பாலும் அதே சேனலில் தொடர்ந்து வருகிற நண்பர். "என் வீடு போச்சே!" என்று அவர் கத்துவது அவருடைய வேலையில் ஒரு பகுதி. மைன்கிராஃப்டில் ஒரு உலகத்தை அப்படியே நகல் எடுத்துவைக்கும் வசதி உண்டு. நகலைத் தகர்த்தால் அசலுக்கு ஒன்றும் ஆகாது. இதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. 9 வயதுப் பிள்ளைக்கு அரைகுறையாகத் தெரியும். 6 வயதுப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

பணமும் இதில் இருக்கிறது. யூடியூபில் 8 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் வீடியோவில்தான் நடுவில் விளம்பரம் வைக்க முடியும். அதனால் இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய குறும்பு இழுக்கப்படுகிறது. போன தடவை நண்பனின் கோழியை ஒளித்துவைத்தவர் இந்தத் தடவை வீட்டையே எரிக்க வேண்டியிருக்கிறது. தம்ப்நெயில் என்கிற முகப்புப் படத்தில் அழுகிற முகம் பெரிதாக வர வேண்டியிருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளைகள்தான். ஆனால் உங்கள் மகனின் மனதுக்கு எது ஏற்றது என்று யோசித்து அவை தயாராவதில்லை. அந்த யோசனையைப் பெற்றவர்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

கைதட்டியது யார்?

உங்கள் கடிதத்தில் நான் நின்று நின்று படித்த இடம் அக்கா வீட்டுச் சம்பவம் இல்லை, அந்த வாட்ஸ்அப் வீடியோதான்.

1961-ல் ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் சின்னப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு அதே பொம்மையுடன் விட்டபோது, அப்படியே அடித்தார்கள், அதே வார்த்தைகளைக்கூடச் சொன்னார்கள். பிறகு 1965-ல் வெளியான சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. பொம்மையை அடிப்பவருக்குப் படத்தின் முடிவில் ஒரு குழுவுக்குப் பரிசு கிடைப்பதாகக் காட்டினார்கள். ஒரு குழுவுக்குத் திட்டு விழுவதாகக் காட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவுமே நடக்காததாகக் காட்டினார்கள். திட்டு விழுந்ததைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகச் செய்தார்கள். எதுவுமே நடக்காததைப் பார்த்தவர்கள், பரிசைப் பார்த்தவர்கள் அளவுக்கே செய்தார்கள். அதாவது, தப்புக்கு விளைவு எதுவும் இல்லை என்று காட்டினாலே ஒரு பிள்ளைக்கு அது அனுமதி மாதிரி ஆகிவிடுகிறது.

ப்ராங்க் வீடியோவில் விளைவே வராது. அது ஒரு பக்கம். உங்கள் வீட்டில் அதற்கும் மேலே, பரிசே கிடைத்திருக்கிறது. தங்கை அலறினாள், அப்பா போனை எடுத்தார், சித்தப்பா, அத்தை, மாமா என்று எல்லோரும் சிரிக்கும் பொம்மைகளாக அனுப்பினார்கள். ஒரு யூடியூபருக்குக் கிடைக்கும் லைக், 9 வயதில் அவனுக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் அண்ணன் கோட்டைக்கு டிஎன்டி வைத்தான். உங்கள் கணவரைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் அழுவதைப் படம் பிடித்து ரசிப்பது நம் வீடுகளில் சகஜமாகிவிட்டது. அன்போடுதான் செய்கிறோம். ஆனால் அழுத பிள்ளைக்கு அந்த அன்பு தெரிவதில்லை. அந்த வீடியோவைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். நீக்கும்போது மகனையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பாப்பா பயந்து அழுததை நான் படம் பிடிச்சிருக்கக் கூடாது" என்று அப்பாவே சொல்லட்டும். நான் இங்கே எழுதும் எல்லா யோசனைகளையும்விட அந்த ஒரு வாக்கியத்துக்குப் பலன் அதிகம்.

நீங்கள் நம்பியிருந்த சில விஷயங்கள்

கெட்ட வார்த்தை இல்லை என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அது போதாது. ஒரு வசைகூட இல்லாமல், ஒருவனை முட்டாளாக்கி, அவன் உழைப்பை அழித்து, அவன் கெஞ்சுவதை ரசிக்க முடியும்.

யூடியூப் ஒவ்வொரு வீடியோவையும் ஆள் வைத்துப் பார்த்துவிட்டு வெளியிடுவதில்லை. அது நடக்கக்கூடிய காரியமும் இல்லை. யூடியூபில் சொந்தக் கணக்கு வைத்துக்கொள்ளக் குறைந்தபட்ச வயதே 13. பிள்ளைகளுக்கான யூடியூப் கிட்ஸ் என்ற தனிச் செயலி 2016 முதல் இந்தியாவில் இருக்கிறது. அதிலும் தேர்வு பெரும்பாலும் கணினி நிரலால் நடக்கிறது, தவறுகள் வரும். சில வீடியோக்களில் "குழந்தைகளுக்காகத் தயாரிக்கப்பட்டது" என்ற குறிப்பைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியில்லாமல் சேகரித்ததற்காக 2019-ல் கூகுளும் யூடியூபும் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதைத் தொடர்ந்து வந்த ஏற்பாடு அது. அந்தக் குறிப்பை வைப்பவர் பெரும்பாலும் வீடியோவைப் போடுகிறவரேதான். பார்ப்பவர்கள் பிள்ளைகள் என்பதை அது சொல்கிறது, அவ்வளவுதான். தரத்துக்கான முத்திரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விளையாட்டுக்குக் கொடுக்கப்பட்ட வயது வரம்பும் வீடியோவுக்குப் பொருந்தாது. மைன்கிராஃப்டை ஐரோப்பாவில் 7 வயதுக்கு மேல், அமெரிக்காவில் 10 வயதுக்கு மேல் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். விளையாடிக்கொண்டே ஒருவர் என்ன பேசுவார் என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. 2021 ஜூனில், பப்ஜி விளையாடியபடியே ஆபாசமாகப் பேசியதாக வந்த புகார்களின் பேரில் ஒரு யூடியூபரைத் தமிழகக் காவல்துறை தர்மபுரியில் கைது செய்தது நினைவிருக்கும். பிள்ளை என்ன விளையாட்டைப் பார்க்கிறது என்பது பல வீடுகளில் தெரிந்திருந்தது. யாருடைய பேச்சைக் கேட்கிறது என்பது தெரியவில்லை.

எப்படிப் பார்த்து முடிவு செய்வது?

மகன் அதிகம் பார்க்கும் இரண்டு சேனல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வீடியோக்களை, தம்ப்நெயிலை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், கடைசிவரை பாருங்கள். முதலில் தனியாக, பிறகு அவனோடு. ஏமாற்றுகிறவரை விட்டுவிட்டு ஏமாறுகிறவரைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஏமாந்தவர் கடைசியில் எப்படி இருக்கிறார்? உண்மை தெரிந்ததும் அவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாரா, "அடுத்து உன்னை மாட்டிவிடுறேன் பார்" என்கிறாரா? அப்படியானால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. அவர் குரல் உடைந்த பிறகும் விளையாட்டு தொடர்கிறதா, "ஏன்டா இதுக்கெல்லாம் அழுற" என்று அவரையே குறை சொல்கிறார்களா? அந்தச் சேனல் வேண்டாம்.

எது போனது, திரும்பக் கிடைத்ததா? நண்பன் வீட்டுக்குள் நூறு கோழிகளை அடைத்துவைப்பது, கதவுகளையெல்லாம் இடம் மாற்றிவைப்பது மாதிரியான குறும்புகளை நானும் சிரித்துக்கொண்டேதான் பார்ப்பேன். யாருக்கும் எதுவும் போவதில்லை. மாதக்கணக்கில் கட்டியதை அழிப்பது, கணக்கை ஹேக் செய்துவிட்டதாக நம்பவைப்பது, சேர்த்துவைத்த பொருளைத் திருடுவது எல்லாம் வேறு வகை. அழித்துவிட்டு, பிறகு எல்லோரும் சேர்ந்து திரும்பக் கட்டுவதைக் காட்டும் வீடியோ கிடைத்தால், அதைத் தாராளமாக மகனோடு பாருங்கள்.

யாரை ஏமாற்றுகிறார்கள்? சம வயது நண்பனையா, விளையாட்டுக்குப் புதிதாக வந்த ஒரு சின்னப் பிள்ளையையா? தெரியாத பிள்ளையை மாட்டிவிட்டு ரசிப்பதை நான் எந்த வயதுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பார்க்கிற பிள்ளையிடம் என்ன கேட்கிறார்கள்? "இதை உங்க ஃப்ரெண்டுகிட்ட ட்ரை பண்ணிட்டு கமெண்ட்ல சொல்லுங்க", "வீட்ல சொல்லாதீங்க", "இலவச ரோபக்ஸுக்குக் கீழே இருக்கிற லிங்க்" என்றெல்லாம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரோபக்ஸ், டைமண்ட் எல்லாம் விளையாட்டுக்குள் செலவழிக்கும் பணம். அவற்றை இலவசமாகத் தருவதாக வெளித் தளங்களுக்கு இழுக்கும் லிங்குகள் பாஸ்வேர்டைப் பறிப்பதற்கானவை. அதில் மாட்டிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுக்கலாம்.

இன்னொரு சின்ன வழி: ஒரு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பின்னணியில் ஓடும் சிரிப்பும் டமால் டுமீல் இசையும் போனபிறகு, திரையில் நடப்பது இன்னும் வேடிக்கையாக இருக்கிறதா, கொடுமையாக இருக்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். மகனையும் இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள். அவனே சொல்லிவிடுவான்.

சேர்ந்து பார்க்கும்போது பிரசங்கம் வேண்டாம், தயவுசெய்து. இரண்டு கேள்வி போதும். "இவருக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா? உனக்கு என்ன தோணுது?" "அண்ணனுக்கு முன்னாடியே தெரியுமா?" இரண்டாவது கேள்வியை முதல் நாளே கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மாட்டிவிடப் பார்க்கிறீர்கள் என்று மூடிக்கொள்வான்.

தடை போடுவதா?

போனை முழுதாகப் பிடுங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவன் பள்ளியில், வேனில், பக்கத்து வீட்டில் இதைப் பார்ப்பான், உங்களிடம் சொல்ல மாட்டான். அதே நேரம், எல்லாப் பசங்களும் பார்க்கிறார்கள் என்று விட்டுவிடுவதும் சரியில்லை. எல்லாப் பசங்களும் பார்ப்பதால்தான் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் வேலைக்குப் போவதால், தினமும் பக்கத்தில் உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியும். மாமியாருக்கு இந்த விளையாட்டுகள் புரியாமல் போகலாம், ஆனால் ஒரு பிள்ளையின் குரல் மாறுவது அவருக்குப் புரியும். அதனால் ஹெட்ஃபோன் இல்லாமல், கூடத்தில், முடிந்தால் டிவியில் பார்க்கட்டும். அடுத்த வீடியோவைத் தானாகவே ஓடவிடும் ஆட்டோபிளேயை நிறுத்திவையுங்கள். ஒதுக்கிய சேனல்களுக்கு "இந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம்" என்பதை அழுத்துங்கள், பழைய பார்வை வரலாற்றையும் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் அதே மாதிரி வீடியோக்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். இரண்டு மூன்று சேனல்களை நீங்களும் அவனுமாகச் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். அவனுக்கும் அதில் ஒரு வாக்கு இருக்கட்டும்.

அண்ணன் கோட்டை விஷயம் "சாரி" என்ற ஒரு வார்த்தையோடு முடிந்துவிடக் கூடாது. அடுத்த விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போகும்போது, அண்ணன் சொல்கிறபடி கல் வெட்டிக் கொடுத்து, சுவர் எழுப்பி, திரும்பக் கட்டுவதில் அவன் வேலை செய்யட்டும். எதைக் கட்டலாம், எப்போது கட்டலாம் என்பதை அண்ணன்தான் முடிவு செய்ய வேண்டும். அண்ணன் இப்போதைக்கு வேண்டாம் என்றால் காத்திருக்கட்டும். அப்புறம், குறும்பு செய்யும் ஆசையை அடக்க வேண்டியதில்லை. உலகத்தை நகல் எடுத்துவைத்துவிட்டு, இருவரும் பேசிவைத்துக்கொண்டு, நகலில் எத்தனை டிஎன்டி வேண்டுமானாலும் வைக்கலாம். பயமுறுத்துவதும் தங்கையின் பொருளைத் தொடுவதும் மட்டும் எப்போதும் கிடையாது என்று வீட்டில் ஒரு விதி இருக்கட்டும்.

புகார் கொடுக்க முடியுமா?

ஆபத்தான ப்ராங்குகளுக்கும், பிள்ளைகளைக் கடுமையான மனவேதனைக்கு உள்ளாக்கும் ப்ராங்குகளுக்கும் இடமில்லை என்று 2019 ஜனவரியில் யூடியூப் தன் விதிகளில் தெளிவாகச் சொன்னது. அதற்கு முன்பு, 2017-ல், அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் தங்கள் பிள்ளைகளையே திட்டி அழவைத்து ப்ராங்க் என்று வெளியிட்டுவந்த ஒரு தம்பதி, பிள்ளைகளைப் புறக்கணித்த குற்றத்துக்காக ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உள்ளானார்கள். இரண்டு பிள்ளைகள் அவர்கள் வசமிருந்து மாற்றப்பட்டார்கள். நிஜமான ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவதை எந்த வீடியோவிலாவது பார்த்தால், நீங்களும் யூடியூபில் புகார் செய்யலாம், 1098 குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்லலாம். ஆனால் உங்கள் மகன் பார்க்கும் வீடியோக்கள், நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், விதிகளை மீறுபவை இல்லை. ரசனை குறைந்தவை, அவன் வயதுக்கு ஒவ்வாதவை. புகாரால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அந்த நேரத்தை அவனோடு செலவிடுங்கள்.

மகளைப் பற்றி

கடிதத்தில் அவளுக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது இரண்டு வரிதான். எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை அதிகம். 6 வயதில் "அது நிஜமில்லை, கம்ப்யூட்டர் சத்தம்" என்ற விளக்கம் பயத்தைப் போக்காது. உடன் வரும் ஆள்தான் போக்குவார். கொஞ்ச நாளைக்குக் கேள்வி கேட்காமல், கேலி செய்யாமல், பாத்ரூம் வாசல்வரை யாராவது போங்கள். நடையில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பிறகு பாதி தூரம், பிறகு குரல் கொடுத்தால் போதும் என்று மெல்ல விலகலாம். "அண்ணன் முன்னாடி அழாதே" என்று யாரும் சொல்ல வேண்டாம். திடுக்கிட வைக்கும் வீடியோக்கள் எதுவும் அவள் இருக்கும் அறையில் ஓடக் கூடாது, மகன் பார்த்தாலும் சரி, பெரியவர்கள் பார்த்தாலும் சரி. பகலில், வெளிச்சத்தில், அவள் விரும்பினால் மட்டும், அந்தச் சத்தத்தை எப்படி உண்டாக்கினேன் என்று அண்ணனே அவளுக்குக் காட்டலாம், அவள் கையிலேயே அந்த பட்டனைக் கொடுக்கலாம். மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகும் பயம் குறையவில்லை என்றாலோ, படுக்கையில் சிறுநீர் போவது, பள்ளிக்குப் போக மறுப்பது, தூக்கத்தில் அலறுவது என்று ஏதாவது சேர்ந்துகொண்டாலோ தள்ளிப்போடாதீர்கள். உங்கள் குழந்தை மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். நேரில் போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, கட்டணமில்லாமல், எந்த நேரத்திலும் பேசலாம்.